முகட்டுக்குப் போன மரம்

ஷிகெங், சீனா,
12 அக்டோபர் 1998

அன்புள்ள கென்ஷெங்குக்கு,

சாய்ஃபெங் எழுதுவது. நான் நலம். இத்தாலியில், உங்கள் பிராத்தோவில் குளிர் தொடங்கியிருக்கும். பட்டறையில் தோல் தைக்கும்போது கழுத்தைக் குனிந்தபடியே வைத்திருக்காதீர்கள்.

நம் மூடுபாலம் மறுபடி எழுந்து நிற்கிறது, மேலே கூரைதான் பாக்கி! போன வருஷ வெள்ளம் பாதியை அடித்துக்கொண்டு போனதல்லவா? எல்லைத் தகராறில் நம்மோடு பேச்சை முறித்துக்கொண்ட கீழூர்க்காரர்களே ஆற்றில் இறங்கிக் கட்டைகளைப் பிடித்து, தோளில் சுமந்துவந்து கொடுத்தார்கள். பழையதையும் புதியதையும் கூடை முடைவதுபோல் கோத்து, ஓர் ஆணிகூட இல்லாமல் தச்சர் ஹுவாங் வளைவை ஏற்றிவிட்டார். பாரம் ஏற ஏற இறுகுகிறதே தவிர அசைய மாட்டேன் என்கிறது. நூற்றைம்பது வருஷத்துக்கு முன்னால் இதை யோசித்தவன் என்ன மூளைக்காரனோ!

இனிமேல் கோபப்படாமல் படியுங்கள். பாலத்துக் கூரையின் முகட்டு உத்திரத்துக்கு மரத்தைக் கேட்டு வாங்கக் கூடாது, திருடித்தான் கொண்டுவர வேண்டும் என்ற நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியாததல்ல. திருடியது நம் மரத்தை. கல்யாணத்தன்று நீங்கள் நட்டு, நம் புது வீட்டு உத்திரத்துக்கென்று வைத்திருந்த அதே தேவதாரு. அடிக்கட்டையில் சிவப்புத் துணியும் ஒரு ஜாடி அரிசி மதுவும் வைத்துவிட்டு, பட்டாசு வெடித்துக்கொண்டு தூக்கிப் போனார்கள். நானும் முறைப்படி வாசலில் நின்று திட்டினேன்.

"அட பாவிங்களா, உங்க கை வெளங்காமப் போக!"

"இன்னும் திட்டு அண்ணி, திட்டத் திட்டப் பாலத்துக்கு நல்லது!" என்று பக்கத்து வீட்டு அஃபு பல்லைக் காட்டுகிறான்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

சாய்ஃபெங்


பிராத்தோ,
9 நவம்பர் 1998

சாய்ஃபெங்குக்கு,

வயிறு எரிகிறது. அத்தனை பெரிய மலையில் அந்தத் தடியன்களுக்கு வேறு மரமே கிடைக்கவில்லையா? மரம் பருக்கட்டும், வந்து வீடு கட்டுகிறேன் என்று ஒவ்வொரு கடிதத்திலும் எழுதினேனே. அதை நம்பித்தானே இங்கே ஊசி பிடிக்கிறேன்?

பாலம் பெரிதில்லை என்று சொல்லவில்லை. மழைக்கு ஒதுங்கிய உன்னை முதன்முதலில் பார்த்ததே அங்கேதான். அதற்காக? மரத்தைக் காட்டிக்கொடுத்தது யார்? அஃபுதானே? பெயரைச் சொல், இங்கிருந்தே நாலு வார்த்தை கேட்கிறேன்.

கென்ஷெங்


ஷிகெங்,
20 டிசம்பர் 1998

அன்புள்ள கென்ஷெங்குக்கு,

உங்கள் வசவைப் பாலத்தில் எல்லோருக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். "இத்தாலியிலேருந்து வந்த திட்டுடா! இன்னும் ஐந்நூறு வருஷம் நிக்கும்!" என்று அஃபு குதித்தான்.

அவனை விட்டுவிடுங்கள். காட்டிக்கொடுத்தது நான்தான். ஏற்ற மரம் கிடைக்காமல் ஹுவாங் மலையெல்லாம் ஏறி இறங்கி ஓய்ந்திருந்தார். நான்தான் மலைச்சரிவில் நிற்கிற நம் மரத்திடம் கூட்டிப்போனேன். அவர் கட்டிப்பிடித்துப் பார்த்துவிட்டு, "பாலத்தையே தாங்குமேம்மா இது!" என்றார். கீழே இறங்கும்போது எனக்கு அழுகை வந்துவிட்டது. பாலத்தைத் தாங்குகிற மரம் ஒரு வீட்டைத் தாங்காதா? இன்னும் பருக்கட்டும், இன்னும் பருக்கட்டும் என்று எத்தனை வருஷம் எழுதினீர்கள்! நானும் களை பிடுங்கி, கொடி அறுத்துக் காத்தேன். எனக்கு அலுத்துவிட்டது.

நேற்று உத்திரம் ஏற்றினோம். கீழூர்க்காரர்களும் கயிறு பிடித்தார்கள். அண்ணாந்து பார்த்தவர்கள் கழுத்து வலிக்கும்வரை பார்த்தார்கள், அவ்வளவு அழகு. மரத்துக்குரியவர் பெயரை அதில் எழுத வேண்டுமே, எழுதுகிறவர் தூரிகையை மையில் தோய்த்துக்கொண்டு, "கென்ஷெங்னு போட்டுடவா?" என்றார்.

"அவரு இங்க இல்லீங்களே," என்றேன். "பாத்துக்கிட்டவ நான். என் பேரைப் போடுங்க."

பெண் பெயர் ஏறிய உத்திரம் நம் பள்ளத்தாக்கிலேயே கிடையாது. எழுதுகிறவர் தூரிகையைத் தூக்கியபடி ஹுவாங்கைப் பார்த்தார். ஹுவாங்தான், "போடுய்யா, மை காயுது," என்றார்.

போட்டார்கள். எழுத்து நன்றாக வந்திருக்கிறது. வருவதானால் வாருங்கள். காரணம் சொல்ல இனி மரம் இல்லை.

சாய்ஃபெங்