கம்பிச் சக்கரக் கார்

அக்டோபர் 8, செவ்வாய், 1991

மலைப்பக்கம் மேகம். மழை இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து திரும்பும் பஸ்ஸில் உட்கார இடமில்லை. கல்லூரி முடிந்து வந்த களைப்பு வேறு.

தம்பி அனுப்பிய பிளாஸ்டிக் மாடல் காரின் உடலுக்கு இரண்டாவது பூச்சு முடிந்தது. பாலாடை நிறம். முதல் பூச்சில் தூசி விழுந்து, உப்புத்தாள் போட்டுத் தேய்க்க வேண்டியதாயிற்று. மில் ஊரில் பஞ்சு பறக்காத காற்றுக்கு எங்கே போவது. டியூபில் பசை இறுகிவிட்டது. பாகங்கள் ஒட்டியிருந்த பிளாஸ்டிக் சட்டத்தின் மிச்சத்தை நறுக்கி டொலுவீனில் கரைத்தேன். நன்றாகவே பிடிக்கிறது. படித்த வேதியியலுக்கு வீட்டில் கிடைத்த ஒரே உபயோகம்.

கதவுக் கைப்பிடிக்கு வெள்ளி நிறம். அரிசி அளவுதான் அது. தூரிகை தொடும் முன்பே வலது கை ஆடியது. மூச்சைப் பிடித்துக்கொண்டு மறுபடி. மறுபடியும் ஆட்டம். கதவெல்லாம் வெள்ளி. துடைத்துவிட்டு மூடிவைத்தேன்.

வயது, கண்ணாடி, காபி. ஏதோ ஒன்று.

அப்பாவுக்கும் ஏறக்குறைய இந்த வயதில்தான்.

அக்டோபர் 10, வியாழன்

காபியை நிறுத்திப் பார்க்கிறேன். தலைவலி. கை அப்படியேதான்.

ஆய்வகத்தில் பிப்பெட்டைத் தூக்கிக் காட்டும்போது பின்வரிசையில் இரண்டு பெண்கள்:

“மேடம் கை ஆடுதுடி.”

“பாவம், காலைல சாப்ட்ருக்க மாட்டாங்க.”

கேலி செய்திருந்தால் அதட்டியிருப்பேன். இரக்கத்தை என்ன செய்வது.

நூலகத்தில் ஒரு மருத்துவப் புத்தகம். நடுக்குவாதத்தில் கை சும்மா இருக்கும்போது ஆடும், வேலை செய்தால் குறையும் என்கிறது. எனக்கு நேர் எதிர். நிம்மதி வந்திருக்க வேண்டும். வரவில்லை. புத்தகம் மிகப் பழையது. எனக்குச் சாதகமாக இருப்பதால்தான் அந்த வரியை நம்புகிறேனோ என்றும் ஒரு சந்தேகம். அப்பாவின் கை எப்போது ஆடும்? நினைவில் இருப்பது ஸ்பூன் தட்டில் மோதும் சத்தம் மட்டும். கடைசி வருடங்களில் அம்மாதான் ஊட்டிவிட்டாள். அவர் யார் முகத்தையும் பார்க்காமல் மெல்லுவார்.

வீட்டில் இவரிடம் சொல்லவில்லை. சொன்னால் அதற்கு ஒரு பெயர் வந்துவிடும்.

வாங்க: சீரோ நம்பர் தூரிகை, தின்னர், ரகுவுக்கு முறுக்கு அனுப்ப அரிசி மாவு.

அக்டோபர் 13, ஞாயிறு

தம்பி சிங்கப்பூரிலிருந்து அடுத்த கார்ப் பெட்டி அனுப்புவதாக எழுதியிருக்கிறான். “மருமகனுக்கு” என்று வழக்கம்போல. அந்த மருமகன், என் மகன் ரகு, கோவையில் இன்ஜினீயரிங் படிக்கிறான், இதைத் தொட்டே பல வருடம். முதல் பெட்டி வந்தபோது ரகு பள்ளிக்கூடத்தில் இருந்தான். இரண்டு கதவை ஒட்டிவிட்டுக் கிரிக்கெட்டுக்கு ஓடினான். மீதியை நான் ஒட்டினேன். பிறகு வந்ததெல்லாம் என் மேசைக்குத்தான்.

கண்ணாடி அலமாரியில் இரண்டு தட்டு நிறையக் கார்கள். வருகிறவர்கள் “பையன் கெட்டிக்காரன்” என்பார்கள். நான் மறுப்பதில்லை. ஐம்பதை எட்டும் பேராசிரியை பிளாஸ்டிக் கார் ஒட்டுகிறாள் என்று விளக்குவதைவிட இது சுலபம். உண்மை தெரிந்தவர் இவர் ஒருவர்தான்.

நான்கு கம்பிச் சக்கரங்களும் பூட்டியாயிற்று. ஒவ்வொரு கம்பியும் தலைமயிர் கனம். நடுக்கம் இல்லாத காலை வேளையாகப் பார்த்து, பூட்டும்வரை பேசாமல், எச்சில்கூட விழுங்காமல். கம்பிச் சக்கரம் வைத்த அந்தப் பழைய பிரிட்டிஷ் திறந்த காரை எத்தனையோ நாளாகக் கேட்டு, இப்போதுதான் தம்பி அனுப்பினான். இதுவே கடைசியாகிவிடுமோ என்று ஒரு நினைப்பு. அசட்டு நினைப்பு. இந்த வரியை அடித்துவிட வேண்டும். அடிக்கவில்லை.

ஆயுத பூஜை

இவர் தங்கை கோமதி செட்டியார்பட்டியிலிருந்து காலையிலேயே வந்துவிட்டாள். பொரி, சுண்டல், அவள் சத்தம். இவர் வாசலில் ஸ்கூட்டருக்கு மாலை போட்டுக்கொண்டிருந்தார். நான் அடுப்படியில். கூடத்துக்கு வந்தால் அலமாரி திறந்து கிடக்கிறது. கார்கள் எல்லாம் பாயில் வரிசையாக. ஒவ்வொன்றின் நெற்றியிலும் சந்தனம், குங்குமம்.

“என்ன மதினி, வீட்ல இம்புட்டு வண்டிய வச்சுக்கிட்டு ஸ்கூட்டருக்கு மட்டும் பூசை போட்டா சாமி கோவிச்சுக்காதா?”

அழகாகத்தான் இருந்தது. பொட்டோடு நிறுத்தியிருக்கலாம். ஒவ்வொரு காரின் முன்சக்கரத்துக்கு அடியிலும் பச்சையாக ஏதோ நசுங்கிக் கிடந்தது.

“எலுமிச்சம்பழம் காரவிடப் பெருசால்ல இருக்கு. அதான் சுண்டைக்காய் வச்சேன். மத்ததெல்லாம் நல்லா ஏறி எறங்கிருச்சு. இந்த வெள்ளக் கார்தான் அடம் புடிச்சுச்சு. செத்த அமுக்குனேன்.”

பாலாடைக் கார். முன்சக்கரத்துக் கம்பிகள் பாதி முறிந்து தொங்கின. நேற்று மறுபடி அடித்து முழுதாகக் காயாத பூச்சில் குங்குமம் ஊறிவிட்டது. ஈரத்துணியை எடுத்துத் துடைக்க உட்கார்ந்தேன்.

“என் மருமவன் ஒண்ணும் சொல்ல மாட்டான். அவன் செஞ்சதுக்கு நீங்க எதுக்கு இப்பிடிப் பதறுதிய?”

துடைக்கத் துடைக்கச் சிவப்பு பரவியது. கோமதியின் சிரிப்பு நின்றது.

“என்ன மதினி, கை இந்த ஆட்டம் ஆடுது? ஒங்க அப்பா கணக்கா.”

மெதுவாகப் பேச அவளுக்குத் தெரியாது. வாசலில் இவர் திரும்பிப் பார்த்தார்.

அக்டோபர் 19, சனி

இரண்டு நாள் இவர் ஒன்றும் கேட்கவில்லை. இன்று மில்லுக்குக் கிளம்பும்போது, செருப்பை மாட்டிக்கொண்டே:

“கொஞ்ச நாளா காப்பி டம்ளர்ல பாதிதான் வருது. சிக்கனம் புடிக்கியோன்னு நெனச்சேன்.”

“சிந்தும்னுதான்.”

“தெரியும்.”

“தெரிஞ்சும் ஏன் கேக்கல?”

“நீ சொல்லுவேன்னு பாத்தேன். ஒங்கிட்ட வார்த்த வாங்குறது எளுப்பமா?”

மதுரை நரம்பு டாக்டர் ஒருவர் செவ்வாய்க்கிழமைகளில் ஸ்ரீவி. வருகிறாராம். இவர் பெயர் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார். என்னைக் கேட்காமல். கோபப்பட நினைத்தேன், அதற்குள் போய்விட்டார்.

மதியம் சக்கரத்தோடு உட்கார்ந்தேன். சட்டத்துண்டை மெழுகுவர்த்தியில் காட்டி இளகியதும் இழுத்தால் இழையாக வரும். இழுப்பதில் சிரமமில்லை. ஒட்டுவதில்தான். வலது மணிக்கட்டை இடது கையால் பிடித்துக்கொண்டு ஒன்றை வைத்தேன். கோணல். அடுத்தது விரலை விட்டு எங்கோ விழுந்தது. தரையில் தவழ்ந்து தேடினேன். கிடைக்கவில்லை.

அப்பாவைப் போல ஊட்டிவிடப்படுவது பற்றிய பயம் ஒன்று. அது பெரியது, தூரத்தில் இருக்கிறது. இன்னொன்று இந்த மேசை. இங்கே உட்காரும்போது மட்டும்தான் நான் யாருக்கும் எதையும் விளக்குவதில்லை. இது போய்விட்டால்?

கோமதி எதிர்வீட்டுக்கு ஃபோன் செய்து விசாரித்தாளாம். என் கைக்காகப் பரமசிவனுக்கு நேர்ந்திருக்கிறாளாம். சுண்டைக்காய் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

மழை. காலையிலிருந்தே. கல்லூரிக்கு அரைநாள் விடுப்பு. இவரும் மில்லில் சொல்லிவிட்டு வந்தார். மருந்துக்கடை மாடியில் டாக்டர். குடை ஒன்றுதான், இரண்டு பேருக்கும் ஒரு தோள் நனைந்தது. பெஞ்சில் பக்கத்து அம்மாள் கையிலிருந்த தன் கணவரின் எக்ஸ்ரேயை எல்லோருக்கும் காட்டிக்கொண்டிருந்தாள். “அவியளுக்குக் கழுத்துல தேய்மானமாம். நாக்குல தேய மாட்டேங்குது.”

உள்ளே நான் மட்டும் போனேன். நானேதான் அப்படிச் சொன்னேன். கையை மடியில் வைக்கச் சொன்னார், பார்த்தார். மூக்கைத் தொடு, அவர் விரலைத் தொடு. மணிக்கட்டை மடக்கிப் பார்த்தார். நடக்கச் சொன்னார். வீட்டில் யாருக்காவது உண்டா என்றார், அப்பாவைச் சொன்னேன். காகிதத்தில் முறுக்கு மாதிரிச் சுழித்து வரையச் சொன்னார். என் முறுக்கு தேன்குழலாகவும் இல்லை, முள்முறுக்காகவும் இல்லை.

“நடுக்குவாதம் இல்லம்மா. இது வேற. குடும்பத்துல வர்ற நடுக்கம். ஆளப் படுக்கப் போடாது. போகப்போகக் கொஞ்சம் கூடலாம்.”

“மருந்து?”

“வீசிங் உண்டா?”

“மழைக்காலத்துல.”

“அப்ப வழக்கமான மாத்திரை வேண்டாம். வேற ஒண்ணு இருக்கு, தூக்கமா வரும், தல சுத்தும். வாட்ச் ரிப்பேர், நகைவேலைன்னா குடுத்துப் பாப்பேன். நீங்க என்ன பண்றீங்க?”

“காலேஜ்ல கெமிஸ்ட்ரி.”

“அப்புறம் என்ன? சாக்பீஸ் புடிக்க இந்தக் கை போதும். மாத்திரையே வேண்டாம், நிம்மதியாப் போங்க.”

நன்றி சொல்லி வெளியே வந்தேன். நடுக்குவாதம் இல்லை, அது இல்லை. பெஞ்சு வரை கால் தரையில் படவில்லை. இவரிடம் எல்லாம் சொன்னேன். கண்ணை மூடித் திறந்தார். பிறகு:

“கார் செய்யுதத சொன்னியா?”

“அவரு தொழிலத்தான் கேட்டாரு.”

“ஏன், அது தொழிலவிடக் கொறைச்சலா? அதச் சொல்லாம வேற எதச் சொல்லதுக்கு இம்புட்டு மழையில வந்தோம்?”

எக்ஸ்ரே அம்மாள் உள்ளே போயிருந்தாள். வெளியே வரட்டும் என்று கதவருகே நின்றேன். நர்ஸ், “ஒங்களுக்குத்தான் முடிஞ்சிருச்சே?” என்றாள். முடியவில்லை என்றேன். அந்த அம்மாள் வந்ததும் நுழைந்தேன். டாக்டர் நிமிர்ந்தார்.

“பிளாஸ்டிக் கார் செய்வேன் டாக்டர். சின்னச் சின்னப் பாகமா ஒட்டி. நான்தான். பையன் இல்ல.”

எந்தப் பையன் என்று அவருக்கு எப்படித் தெரியும். குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“எவ்ளோ பெருசு?”

இரண்டு கைகளையும் தூக்கி அளவு காட்டினேன். வலது கை ஆடியதில் கார் நீண்டது, குறுகியது, நீண்டது. கைகளை இறக்கவில்லை.