மருந்து ஐஸான கதை

அன்புள்ள வாயாடி மகளுக்கு அப்பா எழுதுவது.

நான் நலம், அம்மாவும் நலம். சிரிக்கமாட்டேன் என்று சத்தியம் செய்தால் ஒன்று சொல்கிறேன். செய்யாவிட்டாலும் சொல்லத்தான் போகிறேன். அம்மா ஏற்கெனவே தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள். யார் வீட்டு ஃபிரிட்ஜ் மக்கர் பண்ணினாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். அப்பேர்ப்பட்ட நான், என் இன்சுலினை நானே ஐஸாக்கிவிட்டேன்.

மொத்தமாக வாங்கினால் விலை குறையும் என்று மருந்துக்கடைக்காரர் சொன்னார். கையில் காசில்லை. நம் வீட்டு ஃபிரிட்ஜை விற்று மூன்று மாத மருந்தை வாங்கிக்கொண்டு, ஏதோ சாதித்தவன் மாதிரி வந்தேன். வாசலில் செருப்பைக் கழற்றும்போதுதான் உறைத்தது, இதை எங்கே வைப்பது? அம்மா ஃபிரிட்ஜ் இருந்த மூலையையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். அதற்கு நாலு திட்டு திட்டியிருக்கலாம்.

பட்டறையில் கிடந்த பழைய ஃபிரிட்ஜ் ஒன்றுக்கு வேறொன்றின் மோட்டாரைப் பொருத்தி ஓடவிட்டேன். குளிர் போதுமென்று மோட்டாரை நிறுத்துகிற தெர்மோஸ்டாட் ஒட்டிக்கொண்டு, நிற்காமல் ஓடியிருக்கிறது. காலையில் திறந்தால் பாட்டிலெல்லாம் கல். வெயிலில் வைத்தால் உருகிவிடும், போட்டுக்கொள்ளலாம் என்றேன். "உருகும், வேலை செய்யுமா? கடைக்காரரைக் கேக்காம ஊசியைத் தொட்டீங்க, நான் சும்மா இருக்கமாட்டேன்" என்று அம்மா அத்தனையையும் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டாள். ஒருதடவை உறைந்தால் அவ்வளவுதான், தூக்கிப் போடுங்கள் என்றாராம் அவர்.

அன்றைக்குத்தான் அம்மா உனக்குப் போன் செய்தாள். கடைசி வருஷப் படிப்பை நிறுத்திவிட்டு வேலைக்குப் போகிறேன் என்று நீ குதித்தாய். நான் போனைப் பிடுங்கிக் கத்தினேன்.

பிறகு நடந்ததைக் கேள். இலவச ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று அம்மா எத்தனையோ நாளாய்ச் சொல்கிறாள். வாடிக்கைக்காரர் யாராவது பார்த்தால் மானம் போகுமே என்று தட்டிக்கழித்துக்கொண்டே இருந்தேன். மறுநாள் வேறு வழியில்லை. தொப்பியைக் கண் வரை இழுத்துவிட்டுக்கொண்டு வரிசையில் நின்றேன். முன்னால் நின்றவர் திரும்பினார். ஏசி சர்வீசுக்கு என்னைக் கூப்பிடுவாரே, அந்த மாடி வீட்டு வக்கீல்! அவர் தலையிலும் தொப்பி, அதே மாதிரி கண் வரைக்கும். "என்ன மெக்கானிக், நீங்களுமா?" என்றார். "நீங்களுமா சார்?" என்றேன். ரெண்டு பேரும் தொப்பியைக் கழற்றிவிட்டுச் சிரித்த சிரிப்பில், இது ஆஸ்பத்திரியா சந்தைக்கடையா என்று நர்ஸம்மா அதட்டினார்.

அங்கே கொடுப்பது பழைய வகை மருந்து. ஊசி போட்டு அரைமணி பொறுத்துத்தான் சாப்பிட வேண்டும். அதுவரை அம்மா தட்டை என் கண்ணில் காட்டுவதில்லை. ஆனால் பைசா செலவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் சேர்த்துத் தரமாட்டார்களாம்; என்னைப் பற்றி யாரோ சொல்லியிருக்க வேண்டும். பழைய ஃபிரிட்ஜுக்குப் புது தெர்மோஸ்டாட் போட்டாயிற்று. உள்ளே ஒரு தெர்மாமீட்டரும் தொங்குகிறது. அம்மா என்னைவிட அதைத்தான் நம்புகிறாள்.

நீ வேலை தேடாதே. உன் பரீட்சைக்கு எடுத்துவைத்த பணத்தைத் தொட எங்கள் ரெண்டு பேருக்கும் மனசு வரவில்லை. அதனால்தான் ஃபிரிட்ஜ் போனது. நேற்று அந்தப் பரீட்சைப் பணத்தைக் கட்டிவிட்டோம். இப்போது நீ நிறுத்தினால், போன ஃபிரிட்ஜ் என்னை மன்னிக்காது. நன்றாகப் படி, வேளாவேளைக்குச் சாப்பிடு, நல்லா இரு.

அன்றைக்குப் போனில் கடைசியாக, "பயமா இருக்காப்பா?" என்று கேட்டாய். சிக்னல் சரியில்லை என்று வைத்துவிட்டேன்.

சிக்னல் நன்றாகத்தான் இருந்தது, கண்ணு.

உன் அப்பா