எட்டு விநாடி ஓடிய இயந்திரம்

போன வியாழக்கிழமை, ஊரை விட்டு வந்து நான் இருக்கிற குரோருட் பகுதித் தமிழ்க் கடையில் ஒரு போத்தல் விழுந்து உடைந்தது. எனக்கு முன்னால் நின்ற பெண் மேல் தட்டிலிருந்து அப்பளக் கட்டை இழுத்தபோது பக்கத்தில் இருந்த ஆமணக்கெண்ணெயும் கூட வந்துவிட்டது. வரிசையில் நின்ற எல்லோருக்கும் சின்ன வயதில் மூக்கைப் பிடித்துக்கொண்டு பேதிக்குக் குடித்த ஞாபகம் வந்து, ஆளுக்கொரு கதையைத் தொடங்கிவிட்டார்கள். "விலகி நில்லுங்கோ அக்கா, வழுக்கும்" என்று கடைக்காரர் இரண்டு தரம் சொல்லியும் நான் அசையவில்லை. எனக்கு அந்த மணத்தில் பேதி ஞாபகம் வரவில்லை. நீல மேலங்கியின் கையை முழங்கை வரை மடித்துவிட்டு, அந்த எண்ணெயை அளவுக் குழாயில் ஊற்றி, கண்ணை அதன் மட்டத்துக்குத் தாழ்த்திப் பார்க்கிற நீர்தான் வந்தீர்.

நீர் என்று எழுதுகிறேன். எங்கள் பக்கத்தில் மரியாதையும் நெருக்கமும் ஒன்றாய் இருக்கிற ஆட்களை அப்படித்தான் கூப்பிடுவோம். முதல் தரம் நான் அப்படிச் சொன்னபோது, "ராஜா வேஷம் போட்டவங்க பேசற மாதிரி இருக்குதுங்க்கா" என்று சிரித்தீர். பிறகு நான் மறந்துபோய் "நீங்கள்" என்று சொன்னால் என்ன கோபம் என்று கேட்கத் தொடங்கினீர்.

நாம் சந்தித்த இடம் ஒரு தகரக் கொட்டகை. பழைய விமானங்களைப் பராமரிக்கிற சங்கம் ஒன்று சனிக்கிழமைகளில் அங்கே கூடும். சம்பளம் இல்லாமல் எல்லோரும் சேர்ந்து செய்கிற வேலைக்கு இந்த நாட்டில் டூக்னாட் என்று பெயர். மற்ற நாட்களில் நான் டி-பானே என்கிற நிலத்தடி ரயில் வண்டிகள் திருத்துகிற இடத்தில் வேலை செய்கிறேன். உலோகம் வெட்டத் தெரிந்த ஆள் தேவை என்று சங்கத் தலைவர் ஊலா கேட்டார், போனேன். உண்மையைச் சொன்னால், சனிக்கிழமை வீட்டில் இருந்தால் கோயில் கூட்டத்துக்கு வடை சுடக் கூப்பிடுவார்கள். அதற்குத் தப்பித்தான் போனேன்.

அன்றைக்கு நீர் ஒரு துருப்பிடித்த ஆணியோடு சண்டை பிடித்துக்கொண்டு நின்றீர். "வந்து தொலையேன்டா" என்று நீர் அதைத் திட்டியது என் காதில் விழுந்தது.

"திட்டினா வராது. சூடு காட்டினா வரும்" என்றேன்.

நீர் என் தமிழைக் கேட்டுத் திரும்பிப் பார்த்து, "அக்கா கேரளாவா?" என்றீர்.

"மன்னார்."

காது வரைக்கும் சிவந்துபோனீர். கோயம்புத்தூரில் வளர்ந்த பெண், பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிக்கு வந்தவர், பியோர்ண்டாலில் ஒரு அறையில் இருக்கிறவர் என்று அந்த ஆணி கழன்று வருவதற்குள் எல்லாம் சொல்லி முடித்தீர். உம்மை எனக்கு அன்றைக்கே பிடித்துவிட்டது.

மனிதர் பறக்கத் தொடங்கிய முதல் சில ஆண்டுகளில் விமான இயந்திரங்களை எப்படி யோசித்து யோசித்துச் செய்தார்கள் என்பதுதான் உமது ஆராய்ச்சி. பழைய கடதாசிகளை எல்லாம் படித்து முடித்துவிட்டீர். ஆனால் ஒன்றையாவது ஓடவைத்துப் பார்க்காமல் எழுதமாட்டேன் என்று நின்றீர். சங்கத்தின் பெட்டிகளுக்குள் ஏழு சிலிண்டர் இயந்திரம் ஒன்று நூறு வருடத்துக்கு மேலாய் உறங்கிக் கிடந்தது. காரில் இயந்திரத்தின் உடல் அசையாமல் இருக்க, உள்ளே தண்டு சுற்றும். உமது இயந்திரத்தில் தண்டை விமானத்தோடு இறுக்கிப் பூட்டிவிட்டு, ஏழு சிலிண்டர்களும் முன்னால் உள்ள காற்றாடியோடு சேர்ந்து சுற்றவேண்டும்.

"இதைச் செய்தவனுக்கு விசர்" என்றேன்.

அந்த நாளைய பொறியியலாளர்களை யாராவது ஏதாவது சொன்னால் உம்முடைய வீட்டு ஆட்களைச் சொன்ன மாதிரி உமக்கு முகம் மாறும். "இல்லக்கா. எடை கம்மியா இருக்கணும், சூடும் ஆகக்கூடாது. தண்ணி வச்சுக் குளிர வச்சா எடை ஏறிடும். சிலிண்டரே சுத்தினா காத்து தானாப் படும்ல? அவங்க ஒண்ணும் முட்டாள் இல்ல. அவங்க முன்னாடி இருந்த கேள்வி நமக்குத் தெரியல, அவ்ளோதான்."

பெட்ரோலில் கரையாத எண்ணெய் வேண்டும் என்றுதான் ஆமணக்கெண்ணெய். இயந்திரம் அதைக் குடித்துக் குடித்துத் துப்பும். ஓட்டுகிறவர் முகத்தில் தெளிக்கும், மூக்குக்குள் போகும், வயிறும் கலக்கும். குடித்தது எவ்வளவு, எரிந்தது எவ்வளவு, துப்பியது எவ்வளவு என்று அளந்து பார்ப்பதுதான் உமது ஆசை. "அப்ப எங்கட அம்மாட்ட வளந்த ஆக்கள்தான் இதை ஓட்டியிருக்க வேணும்" என்று நான் சொல்ல, கையில் இருந்த அளவுக் குழாயை மேசையில் வைத்துவிட்டுச் சிரித்தீர்.

மார்கழியில் உமக்கு வயிற்றில் புற்றுநோய் என்று தெரிந்தது. அதற்குப் பிறகும் இரண்டு சனிக்கிழமை வந்தீர். தொப்பியைக் கழற்றாமல் வேலை செய்தீர். மூன்றாம் சனி வரவில்லை. ஆசுபத்திரியிலிருந்து, "நீங்க ஓட வைங்கக்கா, நான் படுத்துட்டே எழுதிக்கறேன்" என்று செய்தி மட்டும் வந்தது.

என் பங்குக்கு இருந்தது ஏழு பித்தளை வளையங்கள். பிஸ்டனைச் சுற்றி இருந்து அழுத்தம் வெளியே போகாமல் பிடிக்கிற வளையம். பழையது ஒன்று உடைந்த நிலையில் மாதிரிக்குக் கிடைத்தது. தொட்டால் நெளிகிற மெல்லிய தகடு. இருபது வருடம் வண்டி திருத்துகிற கை எனக்கு. இதென்ன கஞ்சத்தனம், இரண்டாம் நாளே உடைந்துவிடுமே என்று நினைத்து, இரண்டு மடங்கு கனத்தில் வெட்டினேன். உம்மிடம் கேட்கவில்லை. உமக்கு இருக்கிற வருத்தத்தில் இதையும் கேட்டுத் தொந்தரவு செய்வானேன் என்று எனக்கே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

சித்திரையில் ஒரு சனிக்கிழமை, வெளியே பனி கரைந்து சொட்டிக்கொண்டிருந்த காலையில், ஊலா காற்றாடியைச் சுழற்றிவிட்டார். இயந்திரம் பிடித்தது. ஏழு சிலிண்டரும் மங்கிய வட்டமாய்ச் சுற்ற, கொட்டகை முழுவதும் நீலப் புகை. எட்டு விநாடி. பிறகு இருமி நின்றுவிட்டது. ஆறவிட்டு மறுபடி சுழற்றினோம், மறுபடியும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். மூன்றாம் தரமும் அப்படியே. ஊலாவின் மேலங்கி எண்ணெயில் ஊறியதுதான் மிச்சம்.

அன்று பின்னேரம் உம்மைப் பார்க்க வரவேண்டும். சுகமில்லாத ஆளிடம் போகும்போது தோடம்பழமும் நல்ல சொல்லும் கொண்டுபோக வேண்டும் என்பது எங்கள் சனத்தின் வழக்கம். கெட்ட செய்தியை வாசலிலேயே விட்டுவிடுவோம். டி-பானேயில் வரும்போது போனில் தேடினேன். இதே சாதி இயந்திரம் வேறெங்கோ ஓடுகிற ஒலிப்பதிவு ஒன்று அகப்பட்டது. அதை எடுத்து வைத்துக்கொண்டேன். எனக்கு அது பாவமாகவே தெரியவில்லை.

"ஓடினதா?" என்றீர். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"ஓம். நல்லா ஓடினது. கேளும்."

போனை உம் தலையணைக்குப் பக்கத்தில் வைத்தேன். நீர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டீர். முகம் அப்படியே தெளிந்தது. நான் செய்தது புண்ணியம் என்று நினைத்துக்கொண்டு தோடம்பழம் உரிக்கத் தொடங்கினேன். அப்போது நீர் கண்ணைத் திறக்காமலே, "இப்ப ஒரு நாய் குரைக்கும் பாருங்க" என்றீர்.

நாய் குரைத்தது.

"இந்த ரெக்கார்டிங்க நூறு வாட்டி கேட்டிருக்கேன்க்கா. உலகத்துல இது மாதிரி ஓடறது எத்தன இருக்குன்னு நெனச்சீங்க? இதுக்கு ஒன்பது சிலிண்டர்."

கையில் பழத்தோலோடு நான் இருந்த இருப்பை இப்போது நினைத்தாலும் உடம்பு கூசுகிறது. நீர் சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் தாங்கியிருப்பேன். "எனக்கு எவ்ளோ நாள் இருக்குன்னு டாக்டர் சொல்லிட்டாரு. அதுல இன்னிக்கு ஒரு நாள நீங்க வீணாக்கப் பாத்தீங்க" என்றீர். "ஓடலைன்னா ஓடலைன்னு சொல்லுங்க. ஏன் ஓடலைன்னு யோசிக்கறதுக்குத்தானே நான் இவ்ளோ தூரம் வந்தேன்?"

எனக்கு அழுகை வந்துவிட்டது. நீர் பொறுத்திருந்துவிட்டு, படுக்கையை நிமிர்த்தச் சொன்னீர். பிறகு தொடங்கினீர் உமது விசாரணையை.

"எவ்ளோ நேரம் ஓடுச்சு?"

"எட்டு செக்கன்."

"நின்ன உடனே திரும்பச் சுத்தினா?"

"பிடிக்கேல்லை. ஆறவிட்டாத்தான் பிடிச்சது. பேந்தும் அதே எட்டுத்தான்."

"அப்ப சூடானா எங்கேயோ லீக் ஆகுது." போர்வையில் விரலால் ஒரு வட்டம் போட்டீர். "வளையம் எவ்ளோ கனம் வச்சீங்க?"

சொன்னேன். ஏன் அப்படி வெட்டினேன் என்பதையும் சொன்னேன். மெல்லிசாய்க் கிடந்தது, உடைந்துவிடும் என்று பயந்தேன், உம்மிடம் கேட்காமல் விட்டேன், எல்லாவற்றையும்.

நீர் சிரிக்கத் தொடங்கினீர். இருமல் வந்து, தண்ணீர் குடித்து, மறுபடி சிரித்தீர். "உடையும்தான்க்கா. அது அவங்களுக்கும் தெரியும். சிலிண்டர் சுத்தும்போது முன்பக்கம் காத்து பட்டு ஆறிடும், பின்பக்கம் சூடாவே இருக்கும். அது கோணிக்கும். கூடவே வளையமும் வளஞ்சு குடுக்கணும். வளையணும்னுதான் அவ்ளோ மெல்லிசு. இதப் படத்துல பாத்துப் பாத்து நானும் இத்தன நாளா, தகடு கெடைக்காம மெல்லிசாப் பண்ணிட்டாங்கன்னுதான் நெனச்சிருந்தேன். கனமாப் பண்ணினா என்ன ஆகும்னு நீங்க காட்டிட்டீங்க. எட்டே செகண்டுல."

உமது கணினியை மடியில் வைத்துத் தந்தேன். ஒரு பத்தி எழுதினீர். நடுவில் நிறுத்தி, "உங்க பேரு போடறேன்" என்றீர்.

"பிழை விட்டதுக்கோ?"

"பிழைய மறைக்காமச் சொன்னதுக்கு. கொஞ்சம் லேட்டுன்னாலும்." கண்ணைச் சிமிட்டினீர். அன்றைக்குத் தோடம்பழத்தில் மூன்று சுளை சாப்பிட்டீர். அதற்கு முதல் நாள் ஒன்றும் சாப்பிடவில்லை என்று தாதி பிறகுதான் எனக்குச் சொன்னா.

பன்னிரண்டு நாள் கழித்து நீர் போய்விட்டீர். உமது தம்பி வந்து உம்மை ஊருக்குக் கொண்டுபோனார். அந்தக் கிழமை முழுவதும் நான் வேலைக்குப் போகவில்லை, கொட்டகையில் தனியாக இருந்து ஏழு வளையங்களையும் மெல்லிய தகட்டில் மறுபடி வெட்டினேன். மூன்று வெட்டும்போதே கிழிந்தன, திரும்ப வெட்டினேன். வைகாசியில் அது பன்னிரண்டு நிமிடம் ஓடியது. நாங்கள்தான் நிறுத்தினோம், தானாய் நிற்கவில்லை. குடித்தது, துப்பியது இரண்டையும் நீர் காட்டித் தந்தபடியே, கண்ணைக் குழாயின் மட்டத்துக்குத் தாழ்த்தி அளந்து, உமது பேராசிரியருக்கு அனுப்பினேன். நீர் அதைப் பார்க்கவில்லையே என்பது எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. எட்டு விநாடியும் பொய் ஒலிப்பதிவும்தான் உமக்கு நான் கொண்டுவந்து தந்தது.

இப்போதெல்லாம் ஆசுபத்திரிக்குப் போனால் தோடம்பழம் மட்டும்தான் கொண்டுபோகிறேன். கேட்டால் உள்ளதைச் சொல்கிறேன், கேட்காவிட்டால் பேசாமல் பக்கத்தில் இருக்கிறேன். எங்கள் சனத்துக்கு இது பிடிப்பதில்லை. "இவளைக் கூட்டிக்கொண்டு போகாதேங்கோ" என்றுகூட ஒருத்தி சொன்னாளாம். சொல்லட்டும்.

ஆனால் கடையில் போத்தல் உடைந்ததற்கு மூன்றாம் நாள், ஞாயிறு பூசை முடிந்து வந்து சப்பாத்தைக் கழற்றும்போது, இந்தியாவிலிருந்து ஒரு அழைப்பு வந்தது. உமது அம்மா. தம்பியிடம் என் இலக்கத்தை வாங்கியிருக்கிறா. எனக்கும் அவவுக்கும் அதுதான் முதல் பேச்சு. என் தமிழ் அவவுக்கு விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. சுற்றி வளைக்காமல் கேட்டா: "அந்த இஞ்சின், இஞ்சின்னு உசுர விட்டுட்டிருந்தா. அவ இருக்கும்போது அது ஓடுச்சா அம்மிணி?"

ஓம் அம்மா என்று இரண்டு சொல். முழுப் பொய்யும் இல்லை, அது ஓடித்தானே இருக்கிறது. இத்தனை தூரத்தில் இருந்து யார் திகதி பார்க்கப் போகிறார்கள்? கடலுக்கு அந்தப் பக்கம் பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு இருக்கிற மனுசி. என் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது.

"இல்லை அம்மா. எட்டு செக்கன்தான் ஓடினது. பிழை என்னிலதான். நான் வளையத்தைக் கனமா வெட்டிப்போட்டன். ஏன் நிண்டது எண்டு படுக்கையில இருந்தபடியே உங்கட மகள்தான் கண்டுபிடிச்சவ."

போனை மற்றக் காதுக்கு மாற்றினேன்.

"கண்டுபிடிச்சுட்டு என்ன பண்ணினா?"

"சிரிச்சவ அம்மா. இருமி இருமிச் சிரிச்சவ. என்னைப் பாத்துத்தான்."

அம்மா மூக்கை உறிஞ்சுவது கேட்டது. "எல்லாரும் எங்கிட்ட நிம்மதியாப் போயிட்டா, நிம்மதியாப் போயிட்டான்னுதான் சொல்றாங்க. அவ என்ன பண்ணிட்டிருந்தான்னு ஒருத்தரும் சொல்லல." பிறகு, "மொதல்ல இருந்து சொல்லு அம்மிணி" என்றா.

ஒற்றைக் காலில் சப்பாத்தோடு வாசலிலேயே உட்கார்ந்து, நாயையும் விடாமல், முதலில் இருந்து சொன்னேன்.