டாக்டர் உன்னைத்தான் கேட்டார்

இன்று காலை கூரியர்காரர் வாசலில் நின்று உன் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். "அவங்க இல்லீங்களா?" என்றார். இல்லை என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டேன். இன்சூரன்ஸ் கம்பெனியின் கடிதம். நம் மேல்முறையீட்டை ஏற்றுக்கொண்டார்களாம். வால்வு ஆபரேஷனுக்கு நீ ஆஸ்பத்திரியில் சேரலாமாம். நீ போய் ஒரு மாதம் முடிந்துவிட்டது.

ஆஸ்பத்திரிக்குப் போன அந்த முதல் நாளை நினைத்துப் பார்க்கிறேன். டியூட்டி டாக்டர் உன் வீங்கிய காலை அழுத்திப் பார்த்து, "எவ்ளோ நாளாம்மா இருக்கு?" என்று உன்னைத்தான் கேட்டார். நீ வாயைத் திறப்பதற்குள் நான் முந்திக்கொண்டேன். "பத்து வருஷமா இருக்குதுங்க. தறிக்குழியில காலை விட்டுகினே உக்காந்துகினு இருப்பா" என்றேன். ஆரணியில் தறியில் உட்காருகிறவர்களுக்கு வீங்காத கால் ஏது? அதை நாம் நோய் என்று சொன்னதே இல்லை. அவர் எழுதிக்கொண்டார். கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் உனக்காகப் பேசியே பழகிய வாய் இது. "என் வாயையும் நீங்களே வெச்சிகினீங்க" என்று எத்தனை முறை கிண்டல் செய்திருப்பாய்!

அவர் எழுதிய அந்த ஒரு வரியை இன்சூரன்ஸ்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பத்து வருட இதய நோயை மறைத்துப் பாலிசி எடுத்தீர்கள் என்று நிராகரித்தார்கள். ஆபரேஷனுக்கு நமக்கு வேறு வழி இல்லை. மனு எழுதினேன், பழைய மருந்துச் சீட்டுகளை இணைத்தேன், மறுபடியும் எழுதினேன். வாரத்துக்கு வாரம் உனக்கு மூச்சு வாங்குவது கூடிக்கொண்டே போனது. கடைசியில், கம்பெனியைச் சேராத வெளி டாக்டர் ஒருவரிடம் கருத்துக் கேட்க ஒப்புக்கொண்டார்கள்.

அவர் போனில் கூப்பிட்டு, "பேஷண்ட்கிட்ட குடுங்க" என்றார். நீ தலையணையில் சாய்ந்தபடி சொன்னாய்: "தறியில வர்ற வீக்கம் காலைல எழுந்தா வடிஞ்சிடும் சார். இது வடியல. மூணு மாசமாத்தான் இப்படி."

எனக்கு அது தெரியாது. இத்தனை வருடம் கூடவே இருந்தவனுக்குத் தெரியவில்லை. "அன்னிக்கே ஏன் சொல்லல?" என்று கத்தினேன். "நீங்க பேசிகினு இருந்தீங்க" என்றாய். அதில் கோபம்கூட இல்லை. நீ கோபப்பட்டிருக்கலாம்.

பாலிசி எடுத்த பிறகு வந்த நோய்தான் என்பதற்கு, நீ சொன்ன அதைத்தான் கடிதத்தில் காரணமாக எழுதியிருக்கிறார்கள்.

போன வாரம் காய்ச்சல் என்று நம் மகளைக் கிளினிக்குக்குக் கூட்டிப் போனேன். "எத்தனை நாளா?" என்றார் டாக்டர். பதில் என் வாய் வரைக்கும் வந்துவிட்டது. அடக்கிக்கொண்டேன். "நேத்துல இருந்துங்க" என்று அவளே சொன்னாள். நான் மூன்று நாள் என்று சொல்லியிருப்பேன். அவள் பேசி முடிக்கும்வரை சும்மா இருக்க இப்போது என்னால் முடிகிறது. அன்றைக்கு அந்த ஒரு நிமிடம் சும்மா இருந்திருந்தால், நீ இருந்திருப்பாய்.