புகையாத மாவிறகு

ஜூன் 19, 1964. வெள்ளி.

நான்கு நாட்களாகத் தாராவியில் மழை விடவில்லை. இன்று பழைய விறகு தீர்ந்துவிட்டது. கிறிஸ்துமஸ் சமயத்தில் மலிவாகக் கிடைத்ததென்று நான் வாங்கிப்போட்ட பச்சை மாமர விறகில்தான் இனிச் சமைக்க வேண்டும். இந்த ஒற்றை அறையில் புகை சேர்ந்தால் பிள்ளையின் நெஞ்சு தாங்காது, அப்படியானால் தாயையும் பிள்ளையையும் ஊருக்கு அனுப்பிவிடுங்கள் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார்.

வாங்கிய அன்றே அதை மெல்லிசாகப் பிளந்து, செங்கல் மேல் இடைவெளி விட்டு அடுக்கினேன். மேலே மட்டும் தகரம் போட்டேன். மழை பிடித்ததும் தார்ப்பாயால் முழுக்க மூடச் சொன்னாள் என் மனைவி ரோசம்மா. காற்றில்லாமல் வேர்த்துவிடும் என்று நான் மூடவில்லை. அந்தப் பிடிவாதம்தான் என்னைத் தூங்கவிடாமல் செய்தது.

காலையில் நடுவிலிருந்து இரண்டு கட்டைகளை உருவித் தட்டினேன். காய்ந்த கட்டைபோல் கணீரென்றது. முனைகளில் வெடிப்பும் விட்டிருந்தது. அடுப்பில் வைத்துப் பற்றவைத்தேன். தீ உடனே பிடித்துக்கொண்டது. பிள்ளையோடு வாசலில் நின்ற ரோசம்மா, கொஞ்ச நேரம் கழித்து உள்ளே வந்து கூரையைப் பார்த்தாள்.

“புகையே இல்லியே. அப்போ தாதர் டேசனுக்குப் போயி ஊருக்கு டிக்கெட் எடுக்கண்டாம்லா?”

“எடுக்கண்டாம். நீ சோத்தப் பொங்கு.”

அவள் கட்டிலுக்கடியிலிருந்து ஒரு துணிமூட்டையை இழுத்து அவிழ்த்தாள். அதை எப்போது கட்டினாளோ, எனக்குத் தெரியாது.

இப்போது இருவரும் தூங்குகிறார்கள். பிள்ளையிடம் இழுப்புச் சத்தமே இல்லை. இரண்டு முறை எழுந்துபோய் மூக்கடியில் விரல் வைத்துப் பார்த்துவிட்டேன்.