உன் மகளின் டப்பா காலியாக வந்தது

என் பிரியமான செல்வி அக்காவுக்கு,

பிரியம் என்று எழுதும்போதே பேனா இரண்டு முறை நின்றது. செத்தவர்களுக்கு அப்படித்தான் எழுத வேண்டும் என்பதால் எழுதியிருக்கிறேன்.

உன் மகள் தர்ஷினியின் சாப்பாட்டு டப்பா இன்றைக்குக் காலியாக வந்தது. வழித்துத் தின்றிருக்கிறாள். உள்ளே இருந்தது என் கையால் தட்டிய கேழ்வரகு அடை, முருங்கைக்கீரை போட்டது. நீ எங்கே இருந்தாலும் முதலில் இதைக் கேட்டுக்கொள். மற்றதைப் பிறகு சொல்கிறேன்.

அண்ணனை நீயும் தம்பியை நானும் கட்டிக்கொண்டு இந்தத் திருவொற்றியூர் வீட்டுக்கு வந்தோம். ஒரே வாசல். நடையின் இந்தப் பக்கம் உன் அடுப்பு, அந்தப் பக்கம் என் அடுப்பு. எனக்குப் பிள்ளை இல்லை. அதைத் தெரு சொன்னது, டாக்டர் சொன்னார், கல்யாண வீடுகளில் பந்தியில் உட்கார்ந்தவர்கள் எல்லாம் சொன்னார்கள். நீ ஒருத்திதான் வாய் திறந்து சொல்லவில்லை. செய்து காட்டினாய்.

குழந்தை என் பக்கத்திலிருந்து ஒரு துண்டு முறுக்கோடு வந்தால் போதும். அதைப் பிடுங்கிப் போட்டு, கையைக் கழுவி, கிழக்கே பார்த்து உட்கார வைத்து, உப்பும் காய்ந்த மிளகாயும் எடுத்துச் சுற்றுவாய். மொட்டை மாடிக்குக் கொண்டுபோய் எரிப்பாய். நான் துணி காயப்போட்டுக்கொண்டு இருப்பேன் என்று தெரிந்தே வருவாய். "பாத்தியா, இம்மாம் மொளகா எரியுது, ஒரு தும்மல் வர்ல. எவ்ளோ கண்ணு பட்டுக் கீது என் கொயந்திக்கு" என்று கொடியில் தொங்கும் துணியிடம் சொல்வாய்.

திருஷ்டி இருந்தால் மிளகாய் நெடி அடிக்காது. இதை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நானும் வெள்ளிக்கிழமை தவறாமல் விளக்குப் போடுகிறவள். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. நம்பிக்கை இல்லாதவளாக இருந்தால் சிரித்துவிட்டுப் போயிருப்பேன். நான் கண்ணாடி முன்னால் நின்று என் கண்ணையே பார்த்திருக்கிறேன், அக்கா.

போன மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நீ போனாய். காரியம் முடிந்து, வந்தவர்கள் எல்லாம் பேருந்து ஏறிய பிறகு, உன் அடுப்பு அணைந்தது. என் அடுப்புதான் மிச்சம். உன்னைக் கட்டிய மாமா துறைமுகத்துக்குக் கன்டெய்னர் லாரி ஓட்டுகிறவர், வீட்டில் இருக்கும் நேரமே குறைவு. அப்படித்தான் உன் பிள்ளைக்குச் சோறு கட்டும் வேலை எனக்கு வந்தது.

சும்மா கட்டவில்லை. ஒன்றாம் வகுப்பு மிஸ் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நூடுல்ஸ் கூடாது, சிப்ஸ் கூடாது, பிஸ்கட் கூடாது. காயோ கீரையோ பயறோ தினமும் ஒன்று இருக்க வேண்டும். நான் ஆறாவதோடு நின்றவள். மளிகைப் பொட்டலத்துக் காகிதத்தைக்கூடப் பிரித்துப் படித்துப் படித்துக் கற்றுக்கொண்டதுதான் மிச்சமெல்லாம். அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு கேரட் துருவி இட்லி ஊற்றினேன். பீட்ரூட்டை அரைத்துச் சப்பாத்தி மாவில் பிசைந்தேன். பச்சைப்பயறு சுண்டலில் தேங்காயைப் பூவாய்த் தூவினேன். செலவுக் கணக்கு எழுதும்போது, என்ன வைத்தேன், எவ்வளவு திரும்பி வந்தது என்றும் ஓரத்தில் எழுதினேன். எல்லாமே திரும்பி வந்தது.

உன் பிள்ளை தயிர்ச் சோற்றில் இருக்கும் கடுகைக்கூடப் பொறுக்கி வெளியே வைப்பவள். நீயே தட்டோடு தெருக்கோடி வரை ஓடியதைப் பார்த்திருக்கிறேன். அதனால் அவள் சுபாவம் என்று விட்டேன். ஒரு நாள் மாமா அவள் கையைப் பிடித்துப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "எலும்பும் தோலுமா கீறா கஸ்தூரி. லீவு வுட்டதும் மணலி புதுநகர்ல எங்க அக்கா வூட்ல வுட்டுர்றேன். அங்கியே ஸ்கூல்ல சேத்துக்கலாம். உன்ன ஒண்ணும் குத்தம் சொல்லல."

குற்றம் சொல்லாமலே குற்றம் சொல்வதில் புருஷனும் பெண்டாட்டியும் ஒரே பள்ளிக்கூடம்.

மறுநாள் காலையில் தலை வாரும்போது கேட்டேன்.

"ஏன்டி செல்லம், டப்பாவத் தொறக்கவே மாட்டியா நீ?"

"தொறந்தேனே. அப்பால மூடிட்டேன்."

"ஏன்?"

"உன் கண்ணு பட்டுக் கீதுல்ல சித்தி. சாப்ட்டா வாந்தி வரும். அம்மா சொல்லிச்சு."

கோபமாகச் சொல்லவில்லை. ரிப்பன் எந்தக் கலர் என்று சொல்வது போலச் சொன்னாள். சொல்லிவிட்டுப் பின்னலைச் சரியாகப் போடச் சொன்னாள்.

அன்றைக்கு நான் அம்மன் சன்னிதியில் நின்று என்ன வேண்டினேன் தெரியுமா? குழந்தை சாப்பிட வேண்டும் என்று இல்லை. "இந்தச் செல்வியை ஒரே ஒரு தடவை எழுப்பி உட்கார வை தாயே. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு நானே படுக்க வைத்துவிடுகிறேன்" என்று வேண்டினேன். பூசாரி குங்குமம் கொடுத்தபோது நான் வாங்காமல் நிற்பதைப் பார்த்து, உடம்பு சரியில்லையா என்று கேட்டார். போனவள் மண்ணுக்குள்ளிருந்தும் என் அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிறாள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

அம்மன் உன்னை எழுப்பவில்லை. அடுப்பைத்தான் காட்டினாள்.

மறுநாள் வெள்ளைச் சோறும் தயிரும் வைத்திருந்தால் வேலை சுலபம். வைக்க மாட்டேன். கேழ்வரகு அடைதான் தட்டினேன். முன்பு ஒருமுறை நான் கொடுத்தனுப்பிய அடையை விரலால் தூக்கிப் பார்த்து, "மாடு துன்னுமா இத்த?" என்று கேட்டாயே, அதே அடை.

சீருடையோடு தர்ஷினியை முக்காலியில் உட்கார வைத்தேன். டப்பாவைத் திறந்து அவள் மடியில் கொடுத்தேன். கைநிறைய உப்பும் மிளகாயும் எடுத்து, அவளையும் டப்பாவையும் சேர்த்துச் சுற்றினேன். "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, தெருக் கண்ணு, இந்தப் பாவி சித்தி கண்ணு." வாயில் பிரஷ்ஷோடு உன் கொழுந்தன் வந்து நின்றார்.

"இன்னாடி இது, உன் கண்ண நீயே எடுத்துக்கினு கீறே?"

"பேசாம நில்லுய்யா."

நீ எரிப்பது மொட்டை மாடியில். அங்கே அடிக்கிற கடல் காற்றில் லாரி டயரைக் கொளுத்தினாலும் நம் மூக்குக்கு வராது. அது உனக்குத் தெரியாமலா இருந்திருக்கும்? நான் சமையல்கட்டின் ஜன்னலைச் சாத்தினேன். கதவைச் சாத்தினேன். பழைய இரும்புக் கரண்டியில் மிளகாயைப் போட்டு கேஸ் தீயில் காட்டினேன்.

நெடி கிளம்பியது, அக்கா. உன் கொழுந்தன் வாயிலிருந்த பேஸ்ட் சுவரில் போய் ஒட்டியது. சுவருக்கு அந்தப் பக்கமிருந்து மெஹருன்னிசா அக்கா இருமிக்கொண்டே கத்தினாள்: "அடியே கஸ்தூரி, ஆளக் கொல்லப் பாக்குறியா? பத்து மணி வரைக்கும் தூங்குற எங்கூட்டு மன்சன் எந்திரிச்சு குந்திகினு கீறாரு."

தர்ஷினிக்கு இருமலும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. முக்காலியிலிருந்து இறங்கி என் புடவையில் மூக்கைத் துடைத்தாள்.

"சித்தி, நெடி வருது. அப்ப உன்கிட்ட கண்ணு இல்ல."

இந்த ஒரு வார்த்தைக்காக எத்தனை வருஷம் கொடிக்கயிற்றுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். உன் வாய் சொல்லவில்லை. உன் வயிற்றில் பிறந்தது சொன்னது.

சாயந்திரம் டப்பாவில் பாதி அடை இல்லை. வெங்காயத்தை மட்டும் எடுத்து ஓரமாக வரிசையாக அடுக்கியிருந்தாள். அடுத்தடுத்த நாட்களில் சுண்டல் குறைந்தது, கேரட் இட்லி குறைந்தது. காலையில் மிளகாய் எடுக்கும்போதே மெஹருன்னிசா அக்காவுக்குக் குரல் கொடுத்துவிடுகிறேன், அவள் ஜன்னலைச் சாத்திக்கொள்கிறாள்.

இன்றைக்குக் காலையில் எனக்கு வெறி அடங்கவில்லை. சுற்றும்போது உன்னையும் சேர்த்தேன். "ஊர்க் கண்ணு, உறவுக் கண்ணு, செத்துப்போன செல்வி கண்ணு" என்றேன். வாயில் அது எவ்வளவு இனித்தது என்று சொன்னால் அம்மன் என்னைச் சும்மா விடமாட்டாள். ஆனால் இனித்தது.

தர்ஷினி என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"அம்மா கண்ண எடுக்காத சித்தி. அது இருக்கட்டும்."

மூடிய கைக்குள் மிளகாய் நொறுங்கியது. திரும்பவும் முதலிலிருந்து சுற்றினேன், உன்னை விட்டுவிட்டு. அவள் டப்பாவை எடுத்துக்கொண்டு போனாள். அந்த டப்பாதான் காலியாக வந்தது, வெங்காயம்கூட இல்லாமல். மாமா வாங்கி முகர்ந்து பார்த்தார். "அக்காக்கு போன் பண்ணி வேணாம்னு சொல்லிட்றேன். இங்கியே இருக்கட்டும்" என்றார். அவரே போய்க் கழுவி வைத்தார்.

ஆகவே இது சத்தியம், அக்கா. உன் கண்ணை நான் எடுக்க மாட்டேன். பெரிய மனசு என்று நினைத்துவிடாதே. மதியம் மணி அடித்ததும் அவள் மூடியைத் திறப்பாள். நீ பக்கத்தில் உட்கார்ந்து, என் கைச்சோறு ஒவ்வொரு வாயாக உள்ளே போவதைப் பார்க்க வேண்டும். அவள் கன்னம் உப்புவதைப் பார்க்க வேண்டும். பாவாடை குட்டையாவதைப் பார்க்க வேண்டும். பன்னிரண்டாவது முடித்து அவள் அந்தப் பள்ளிக்கூடத்தை விட்டு வெளியே வரும்வரை உன்னை எழுந்து போக விடமாட்டேன்.

நாளைக்குப் பச்சைப்பயறு. கண்ணை மூடாமல் பார்.

உன் பிள்ளைக்குச் சோறு கட்டும் ஓரகத்தி,
கஸ்தூரி