எங்களோடு நகர்ந்த எல்லை மிதவை

அனுப்புநர்:
தையற்கடைக்காரி,
இருவர் கயாக்கின் முன் இருக்கை.

பெறுநர்:
படகு அனுமதி அலுவலர்,
நீர்த்தேக்க அலுவலகம்.

பொருள்: எல்லை மீறியதாக ரத்து செய்யப்பட்ட படகு, மீன்பிடி அனுமதியை இருவருக்கும் திரும்ப வழங்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. நானும் மருந்துக்கடை வைத்திருக்கும் என் நாத்தனாரும் ஞாயிறுதோறும் தங்கள் நீர்த்தேக்கத்தில் கயாக் என்னும் சிறு துடுப்புப் படகில் சென்று தூண்டில் போடுபவர்கள். ஒரே வீட்டில் இருந்தும் முகம் கொடுத்துப் பேசாத எங்களை என் கணவர்தான் விளையாட்டாக ஒரே படகில் ஏற்றிவிட்டார். துடுப்பை இருவரும் ஒன்றுபோல் போடாவிட்டால் கயாக் நின்ற இடத்திலேயே சுற்றும். சுற்றிச் சுற்றி, திட்டித் திட்டி, கடைசியில் சிரித்துவிட்டோம். மலை தலைகீழாகத் தெரியும் அந்தத் தண்ணீரில் எங்களுக்குக் கிடைக்கும் சந்தோஷம் கொஞ்சநஞ்சமல்ல என்பதையும் பணிவுடன் தெரிவித்துக்கொள்கிறேன்.

2. சென்ற வாரம் காற்று பலமாக இருந்ததால், எல்லையைக் காட்டும் சிவப்பு மிதவையில் எங்கள் படகு கட்டப்பட்டது. கட்டியது தவறுதான். அந்த நேரம் பார்த்துப் பெரிய கெண்டை ஒன்று சிக்கியது. இழுப்பதும் கத்துவதுமாக இருந்த எங்களுக்கு, மிதவையை அடியில் பிடித்திருந்த பழைய கயிறு அறுந்தது தெரியவில்லை. ஓரக்கண்ணால் பார்த்தபோதெல்லாம் மிதவை பக்கத்திலேயே இருந்தது. எல்லைக்குள்தான் இருக்கிறோம் என்று நிம்மதியாக இருந்தோம். கெண்டையைப் படகில் போட்டுவிட்டு நிமிர்ந்தால், எதிரே அணைச்சுவர்!

3. விசைப்படகில் வந்த காவலர், “மிதவையைத் தாண்டாதீங்கன்னா, அதையும் கூடவே கூட்டிட்டு வந்துட்டீங்களேம்மா!” என்று வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். தங்கள் அலுவலகம் சிரிக்கவில்லை.

4. மிதவையில் கட்டியவர் யாரென்று எழுதித் தந்தால், மற்றவருக்கு மட்டும் அனுமதி திரும்பக் கிடைக்கும் என்கிறது தங்கள் உத்தரவு. முன்பென்றால், நாத்தனாரை மாட்டிவிட இப்படியொரு வாய்ப்புக்காக நான் தவம் கிடந்திருப்பேன். இப்போது அவரைக் கரையில் விட்டுவிட்டு அந்தப் படகில் ஏற எனக்கு மனம் வரவில்லை ஐயா.

ஆகவே, இற்றுப்போன கயிறுகளை மாற்றி, எங்கள் இருவருக்கும் அனுமதி வழங்க வேண்டுகிறேன். ஒருவரைத் தண்டித்தே தீர வேண்டுமென்றால், கட்டியது நான்தான். தாமே கட்டியதாக என் நாத்தனார் தனியே மனு கொடுத்தால் தயவுசெய்து நம்ப வேண்டாம். நேற்று மாலையிலிருந்து அவர் கதவைச் சாத்திக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டிருக்கிறார்.

இடம்: தையற்கடை
நாள்: படகேறாத ஞாயிறு

இப்படிக்கு,
(கையொப்பம்)
தையற்கடைக்காரி